ஷோரூமா, மெக்கானிக்கா? – கார் சர்வீஸின் கதை

இலவச சர்வீஸ் முடிந்ததும் கார் வைத்திருப்பவர் வீட்டில் ஒரு விவாதம் தொடங்கும். "இனி வண்டியை ஷோரூமிலேயே விடுவதா, வெளியே மெக்கானிக்கிடம் கொடுப்பதா?" என்பதே அது. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் இன்று இரண்டுக்கும் வழி இருக்கிறது. ஷோரூமில் கம்பெனி உதிரிபாகம், பில், வாரண்டி எல்லாம் உண்டு, ஆனால் செலவு அதிகம். வெளியே செலவு குறைவு, தெரிந்த மெக்கானிக், ஆனால் வாரண்டி போய்விடுமோ என்ற பயம். இந்தக் கேள்விக்குப் பின்னால் நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

விற்றவரே பழுது பார்த்த காலம்

தமிழ்நாட்டில் கார் வியாபாரம் குதிரை வண்டிப் பட்டறையிலிருந்து பிறந்தது எனலாம். 1840-ல் சென்னையில் தொடங்கப்பட்ட சிம்சன் நிறுவனம் முதலில் கோச்சு வண்டிகளைச் செய்து வந்தது. அங்கே பணிபுரிந்த சாமுவேல் ஜான் கிரீன் 1903-ல் நீராவியால் ஓடும் காரை உருவாக்கிச் சென்னைத் தெருக்களில் ஓட்டிக் காட்டினார். தெற்கே மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911-ல் தன் நிறுவனத்தைத் தொடங்கி, பேருந்து ஓட்டுவதில் ஆரம்பித்து, பிறகு ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளின் விற்பனையாளராகவும் ஆனார். அன்று வண்டியும் உதிரிபாகமும் கப்பலில் வந்தன. வாங்கியவருக்கு விற்றவரை விட்டால் வேறு வழி இல்லை. ஆகவே டீலர் என்பவர் பட்டறைக்காரராகவும் இருந்தே தீர வேண்டியிருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, கரியிலிருந்து வரும் வாயுவால் வண்டியை ஓட்டும் கருவியை டி.வி.எஸ். நிறுவனம் செய்து கொடுத்ததும் இப்படிப்பட்ட தேவையால்தான்.

ஊர் மெக்கானிக்கின் காலம்

சுதந்திரத்துக்குப் பின் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு வந்தது. சாலையில் ஓடியவை பெரும்பாலும் மூன்றே வகைக் கார்கள்: அம்பாசிடர், ஃபியட், 1961-லிருந்து சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. வீல்ஸ் இந்தியா (1960), லூகாஸ் டி.வி.எஸ். (1961), பிரேக்ஸ் இந்தியா (1962) போன்ற நிறுவனங்கள் உதிரிபாகங்களை இங்கேயே செய்யத் தொடங்கின. மாடல்கள் ஆண்டுக்கணக்கில் மாறவில்லை. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யவும், பாயிண்ட் இடைவெளியைச் சரிசெய்யவும் ஸ்பேனரும் கைப்பழக்கமும் போதுமானவையாக இருந்தன.

இதனால் பயன் பெற்றவை நெடுஞ்சாலை ஊர்களே. சென்னையிலிருந்து திருச்சி செல்லும் ஜி.எஸ்.டி. சாலையில் திண்டிவனமும் விழுப்புரமும் அடுத்தடுத்த சந்திப்புகள். திண்டிவனத்தில் புதுச்சேரி, செஞ்சி சாலைகள் பிரிகின்றன. நடுவழியில் நின்ற காரைச் சென்னைக்கு இழுத்துச் செல்ல முடியாது. சாலையோர மெக்கானிக், டிங்கர், வெல்டர், லேத் பட்டறை ஆகியோர் சேர்ந்துதான் அதை மீண்டும் ஓட வைத்தார்கள். தொழில் கற்பித்தது பள்ளிக்கூடம் அல்ல, பட்டறைதான்.

மீண்டும் ஷோரூம்

1983 டிசம்பர் 14-ல் முதல் மாருதி கார் வாங்கியவர் கைக்குப் போனது. அதனோடு இலவச சர்வீஸ் கூப்பன், ஜாப் கார்டு, கம்பெனி உதிரிபாகம் என்ற முறை பரவியது. (இலவசம் என்பது கூலிக்கு மட்டுமே, ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் பணம் உண்டு.) டீலர் இல்லாத ஊர்களில் தனியார் பட்டறைகளுக்கே அங்கீகாரம் கொடுத்து சர்வீஸ் நிலையங்களாக்கும் வழியையும் மாருதி கையாண்டது. 1990-களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயும், இதே ஜி.எஸ்.டி. சாலையில் உள்ள மறைமலைநகரில் ஃபோர்டும் தொழிற்சாலை அமைத்தன.

புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையாகக் கடுமையாகக் கார்புரேட்டர் மறைந்தது. சென்சார்களும் கணினியும் வந்தன. எஞ்சின் விளக்கு எரிந்தால் காரணம் அறிய ஸ்கேனர் தேவை. அந்தக் கருவியும் பழுது நீக்கும் கையேடும் கம்பெனியிடம் இருந்தன. முப்பது ஆண்டு அனுபவம் உள்ள மெக்கானிக்கும் வண்டியின் முன் கைகட்டி நிற்க வேண்டிய நிலை உருவானது.

வழக்கும் தீர்ப்பும்

இந்தப் பிரச்சினை 2011-ல் இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகாராகச் சென்றது. உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் விற்பதில்லை, கருவிகளையும் தொழில்நுட்பத் தகவல்களையும் தனியார் பட்டறைகளுக்குத் தருவதில்லை என்பதே குற்றச்சாட்டு. 2014 ஆகஸ்ட் 25-ல் ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளியே பழுது பார்த்தார் என்பதற்காகவே வாரண்டி முழுவதையும் ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றும் கூறியது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்கும் நீதிமன்றங்களுக்கும் சென்றன. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' என்ற இணையதளத்தைத் தொடங்கியது.

அதே 2022-ல் ஃபோர்டு மறைமலைநகரில் கார் உற்பத்தியை நிறுத்தியது. இனி சர்வீஸும் உதிரிபாகமும் எவ்வளவு காலம் கிடைக்கும் என்ற கவலை அந்தக் கார்களை வைத்திருந்தவர்களுக்கு வந்தது. கம்பெனி ஒரு நாள் போய்விடலாம், கார் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ஓட வேண்டும். அப்போது கைகொடுப்பவர் ஊரில் இருக்கும் மெக்கானிக்தான்.

எனவே ஷோரூமும் பட்டறையும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல. வாரண்டிக் காலத்தில் ஷோரூம் தரும் பாதுகாப்பு உண்மையானது. வேலை தொடங்கும் முன் எஸ்டிமேட் கேட்பதும், மாற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்வதும், பில்லைப் பத்திரப்படுத்துவதும் எங்கு விட்டாலும் நல்லது. சேவையில் குறை இருந்தால் விழுப்புரத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். ஆனால் எங்கே விடுவது என்பதைக் கார் வாங்கியவரே முடிவு செய்ய வேண்டுமானால், பாகமும் கருவியும் தகவலும் இரண்டு இடத்திலும் கிடைக்க வேண்டும். இந்த வரலாறு சொல்லும் பாடம் அதுவே.