சொல்லாமல் சென்ற வழி



பலூனில் தன்னந்தனியாக உலகைச் சுற்றிய முதல் மனிதர் யார்? பொது அறிவுப் போட்டிகளில் மாணவர்களிடம் நாம் கேட்கும் வினா இது. அமெரிக்கரான ஸ்டீவ் ஃபாசெட் என்பது விடை. ஐந்து முறை தோற்று, 2002ஆம் ஆண்டில் ஆறாவது முயற்சியில் அவர் அச்சாதனையைப் புரிந்தார். 2005இல் எங்கும் இறங்காமலும் எரிபொருள் நிரப்பாமலும், தனியொருவராய் விமானம் ஓட்டி 67 மணி நேரத்தில் உலகை வலம் வந்தார். விடையைச் சொன்னதும் அடுத்த வினாவிற்குச் சென்றுவிடுகிறோம். அவருடைய இறுதிப் பயணத்தையும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

2007 செப்டம்பர் 3ஆம் நாள் காலை. நெவாடா மாநிலப் பண்ணை ஒன்றிலிருந்து, இருவர் மட்டுமே அமரக்கூடிய ஒற்றை இயந்திரச் சிறு விமானத்தில் ஃபாசெட் புறப்பட்டார். அன்று சாதனை நோக்கம் ஏதுமில்லை. அது வெறும் உல்லாசப் பறப்பு. நண்பகலுக்குள் திரும்பிவிடுவதாக ஏற்பாடு. பயணத் திட்டம் எதனையும் அவர் பதிவு செய்யவில்லை; சட்டம் அதனைக் கட்டாயமாக்கவும் இல்லை. நண்பகல் கடந்தது. அவர் திரும்பவில்லை.

எத்திசையில் சென்றார் என்பது எவருக்கும் தெரியாததால், தேடும் பரப்பு ஏறத்தாழ 50,000 சதுர கிலோமீட்டராக விரிந்தது. பல்லாயிரம் தன்னார்வலர்கள் தத்தம் வீட்டுக் கணினியிலேயே செயற்கைக்கோள் படங்களைத் துழாவினர். முன்னர்க் காணாமற்போன வேறு விமானங்களின் சிதைவுகள் அகப்பட்டன. அவருடையது மட்டும் அகப்படவில்லை. 2008 பிப்ரவரியில், மனைவியின் விண்ணப்பத்தை ஏற்று, அவர் இறந்துவிட்டதாக நீதிமன்றம் அறிவித்தது.

அவ்வாண்டு செப்டம்பர் இறுதியில், கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில் நடைப்பயணம் மேற்கொண்ட ஒருவர் ஃபாசெட்டின் அடையாள அட்டைகளைக் கண்டெடுத்தார். அக்டோபர் 1ஆம் நாள் விமானத்தின் சிதைவுகளும் கிடைத்தன. பண்ணையிலிருந்து ஏறத்தாழ 105 கிலோமீட்டர் தொலைவில், 10,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், பாறைச்சரிவில் மோதி அது எரிந்து சிதறியிருந்தது.

காரணம் என்ன? அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2009 ஜூலையில் விளக்கம் தந்தது. ஆற்றுநீர் பாறையைத் தாண்டி மறுபுறம் விழுவதுபோல, மலைமுகட்டைக் கடக்கும் காற்றும் மறுபுறம் கீழ்நோக்கிப் பாய்கிறது. உயரத்திலும் வெப்பத்திலும் காற்றின் அடர்த்தி குறைவதால், இயந்திரத்தின் ஆற்றலும் இறக்கைகளின் தூக்குவிசையும் குன்றுகின்றன. அவ்வுயரத்தில் அவ்விமானம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 300 அடி மட்டுமே ஏற வல்லது. கீழிறங்கும் காற்றின் வேகமோ நிமிடத்திற்குக் குறைந்தது 400 அடி. நம் மாணவர்கள் மனக்கணக்காகவே செய்துவிடும் கழித்தல்தான் இது. உலகைச் சுற்றிய அனுபவத்தாலும் அந்த 100 அடியை ஈடுகட்ட இயலவில்லை.

வழியைச் சொல்லிச் சென்றிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா? அவ்வாறு கூற முடியாது. மோதலின் கடுமை அத்தகையது. ஆயினும், வீட்டில் காத்திருந்தவரின் பதின்மூன்று மாதத் தவிப்பு குறைந்திருக்கக்கூடும். தேடியவர்களுக்கும் ஒரு திசை கிடைத்திருக்கும்.

முகாமுக்கோ மலையேற்றத்திற்கோ மாணவர்களை அழைத்துச் செல்லும்போது செல்லும் இடம், பாதை, திரும்பும் நேரம் ஆகியவற்றை எழுதிப் பெற்றோரின் கையொப்பத்தைப் பெறுகிறோம். அதனை வெறும் தாள் வேலை என்று சலித்துக்கொள்வோரும் உண்டு, நானும் சலித்துக்கொண்டதுண்டு. இவ்வரலாற்றைப் படித்தபின் அந்த எண்ணம் மாறியது.

'போய் வருகிறேன்' என்று சொல்லிப் புறப்படுவது நம் மரபு. எங்கே போகிறோம், எவ்வழியே போகிறோம், எப்போது வருவோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல நம் பிள்ளைகளைப் பழக்குவோம். பெரியவர்களாகிய நாமும் பழகுவோம்.