மோட்டார் சைக்கிள் பெயின்ட்டுக்கு மெருகேற்றல்

மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்க், மட்கார்டு, பக்கவாட்டுப் பேனல் ஆகியவற்றில் மங்கிப்போன பெயின்ட்டின் பளபளப்பை மீட்கும் பராமரிப்பு முறை இது. பாலிஷ், வேக்ஸ் இரண்டையும் ஒரே வேலையாகச் சொல்வது வழக்கம். ஆனால் பாலிஷ் பெயின்ட்டின் மேற்பரப்பைச் சிறிதளவு தேய்த்து எடுக்கிறது. வேக்ஸ் எனப்படும் மெழுகு அதன்மேல் ஒரு மெல்லிய படலத்தைச் சேர்க்கிறது. எனவே பாலிஷை அளவோடு செய்ய வேண்டும். மெழுகை அடிக்கடி பூசலாம்.

பூச்சின் அடுக்குகள்

இன்றைய வண்டிகளில் பெரும்பாலும் உலோகத்தின் மேல் பிரைமர், அதன்மேல் நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட் இருக்கும். கிளியர் கோட்டின் தடிமன் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குக்குள்தான். வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தாங்கும் வேதிப்பொருள்கள் இந்த அடுக்கில் கலந்திருக்கின்றன. பழைய வண்டிகளில் நிறமும் பளபளப்பும் ஒரே அடுக்கில் இருந்தன. அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் 1923இல் அறிமுகப்படுத்திய, விரைவில் உலரும் ‘டூக்கோ’ லாக்கர் அந்த வகையைச் சேர்ந்தது.

மங்குவது ஏன்?

வழவழப்பான பரப்பில் படும் ஒளி ஒரே திசையில் திரும்புவதால் பளபளப்பு தெரிகிறது. நுண்கீறல்கள் ஒளியைச் சிதறடித்து, நிறத்தை வெளிறிக் காட்டுகின்றன. காலையில் தூசி படிந்த வண்டியை உலர்ந்த துணியால் துடைப்பது இக்கீறல்களுக்கு முக்கியக் காரணம். துணிக்கு அடியில் மாட்டும் மணல் துகள் உப்புத்தாள் போலத் தேய்க்கிறது. ஒற்றை அடுக்குப் பெயின்ட் வெயிலில் ஆக்சிஜனேற்றம் அடைந்து, தொட்டால் விரலில் மாவாக ஒட்டும். போர் தண்ணீரில் கழுவிவிட்டுத் துடைக்காமல் விட்டால் சுண்ணாம்பு உப்புகள் வட்ட வட்டமாகப் படியும். பறவை எச்சத்தை உடனே கழுவாவிட்டால் பூச்சு அரிக்கப்படும். மூடியைச் சுற்றி வழியும் பெட்ரோலும், ஓட்டுபவரின் முழங்கால் உராய்வும் டேங்க்குக்கே உரிய சேதங்கள்.

முன்சோதனை

வெள்ளைத் துணியில் சிறிது பாலிஷ் எடுத்து, கண்ணில் படாத ஓரிடத்தில் தேய்த்துப் பார்க்க வேண்டும். துணியில் வண்டியின் நிறம் ஏறினால் அது ஒற்றை அடுக்கு; ஏறாவிட்டால் மேலே கிளியர் கோட் இருக்கிறது. கிளியர் கோட் வண்டியில் நிறம் ஏறத் தொடங்கினால் அந்த அடுக்கு தேய்ந்துவிட்டது என்று பொருள். உடனே நிறுத்த வேண்டும். நகத்தை ஓட்டும்போது தடுக்கும் கீறல் பாலிஷில் முழுதாகப் போகாது. கிளியர் கோட் உரிந்து, திட்டுத்திட்டாக வெளுத்திருந்தால் மறுபடி பெயின்ட் அடிப்பதே வழி.

செய்முறை

இன்ஜினும் டேங்க்கும் ஆறிய பின், நிழலில் வேலையைத் தொடங்க வேண்டும். முதலில் தண்ணீரை ஊற்றி மணலை இறக்கிவிட்டு, வாகன ஷாம்பூவால் மேலிருந்து கீழாகக் கழுவி, மைக்ரோஃபைபர் துணியால் ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். கழுவிய பிறகும் கைக்குச் சொரசொரப்பாக இருந்தால் பிரேக் துகளோ தார்ப்புள்ளியோ ஒட்டியிருக்கும். மசகுநீர் தெளித்து, கிளே பார் என்னும் களிக்கட்டியை மெல்ல ஓட்டினால் அவை வந்துவிடும். கட்டி கீழே விழுந்தால் மணல் ஒட்டிக்கொள்ளும். அதை மறுபடி பயன்படுத்தக் கூடாது.

அடுத்தது தேய்ப்பு. ரப்பிங் காம்பவுண்டில் அலுமினியம் ஆக்சைடு போன்ற கடினமான துகள்கள் சற்றுப் பெரிதாகவும், பாலிஷில் நுண்மையாகவும் இருக்கும். முதலில் மென்மையான பாலிஷைப் பயன்படுத்திப் பார்த்து, போதாத இடத்தில் மட்டும் காம்பவுண்டுக்குப் போவது முறை. காம்பவுண்ட் போட்ட இடத்தில் மறுபடி பாலிஷ் போட்டால்தான் அதன் மங்கல் தடம் மறையும். ஒரு நேரத்தில் ஓர் அடிச் சதுரம் போதும். டேங்க்கின் விளிம்புகளிலும் மடிப்புகளிலும் பூச்சு மெலிந்திருப்பதால் அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுவது நல்லது. மெஷினை ஒரே இடத்தில் நிறுத்தினால் சூடேறிப் பூச்சு கருகும். வளைவும் இடுக்கும் மிகுந்த மோட்டார் சைக்கிளில் கையால் செய்யும் வேலையே பாதுகாப்பானது.

மெழுகு

பெயர்பெற்ற கார்னாபா மெழுகு, வடகிழக்குப் பிரேசிலில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து கிடைக்கிறது. இயற்கை மெழுகுகளில் மிகக் கடினமான இது சுமார் 82 முதல் 86 டிகிரி செல்சியஸில் உருகும். அதை மெல்லியதாகப் பூசி, வெண்புகை போல உலர்ந்ததும் சுத்தமான துணியால் துடைத்தெடுக்க வேண்டும். தடிமனாகப் பூசுவதால் கூடுதல் பயன் இல்லை, துடைப்பதுதான் கடினம். இப்படலம் சில வாரங்களில் தேய்ந்துவிடும். பாத்திரம் கழுவும் சோப்பு அதை இன்னும் விரைவாகக் கரைக்கும். செயற்கை பாலிமர் சீலன்ட் இதைவிடக் கூடுதலாக நீடிக்கும்.

தவிர்க்க வேண்டியவை

மேட் பெயின்ட்டில் பாலிஷும் சாதாரண மெழுகும் கூடாது. தேய்த்த இடம் மட்டும் மினுங்கி, திட்டாக நிற்கும். கிளியர் கோட்டுக்கு மேலே ஒட்டிய ஸ்டிக்கரையும் கையால் வரைந்த கோட்டையும் காம்பவுண்ட் அழித்துவிடும். சொரசொரப்பான கறுப்புப் பிளாஸ்டிக்கில் மெழுகு பட்டால் வெள்ளைத் தடம் விழும். பிரேக் டிஸ்க், டயர், சீட், ஃபுட்ரெஸ்ட் ஆகியவற்றில் மெழுகு படவே கூடாது. டிஸ்க்கில் பட்டால் பிரேக் பிடிக்காது, மற்றவற்றில் வழுக்கும்.