அங்கே தாவியவருக்கு இங்கே அமைச்சர் பதவி: 2015 இலங்கைத் தேர்தலுக்கு முன் நடந்தது என்ன?

தேர்தல் நேரத்தில் எதிர்க்கட்சிக்காரரைக் கூப்பிட்டு அதிபர் அமைச்சர் பதவி கொடுத்தால் அது பெருந்தன்மையா, கணக்கா?

2014 நவம்பர் 21. அதிபர் மஹிந்த ராஜபக்சவின் சுகாதார அமைச்சர் மைத்திரிபால சிறிசேன, எதிரணியின் பொது வேட்பாளராகக் களமிறங்கினார். ஆளும் சுதந்திரக் கட்சியின் பொதுச்செயலாளரும் அவர்தான்.

டிசம்பரில் பதிலடி. ஐக்கிய தேசியக் கட்சியின் பொதுச்செயலாளர் திஸ்ஸ அத்தநாயக்க, ராஜபக்ச பக்கம் தாவினார். கிடைத்த பதவி? சிறிசேன விட்டுப்போன அதே சுகாதாரத் துறை! உடைவது எங்கள் கட்சி மட்டும் இல்லை என்று ஊருக்குக் காட்டணும், அவ்வளவுதான். வாக்குப்பதிவுக்கு ஒரு மாசம்கூட இல்லாதபோது அந்தத் துறையில் அவர் என்ன செய்துவிட முடியும்?

கணக்கு பலிக்கவில்லை. 2015 ஜனவரி 8 தேர்தலில் சிறிசேனவுக்கு 51.28%, ராஜபக்சவுக்கு 47.58%. வடக்கு, கிழக்குத் தமிழர் வாக்குகள் பெருவாரியாக சிறிசேனவுக்கே விழுந்தன. (சோழவரத்துக்கு இந்தப் பக்கம் புழல், அந்தப் பக்கம் கும்மிடிப்பூண்டி; இரண்டு இடத்திலும் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கு. வெளிநாட்டில் இருந்தபடி வாக்களிக்க வழியில்லாததால் அவர்கள் வேடிக்கைதான் பார்த்தார்கள்.)

ஜெயித்த சிறிசேனவும் மாற்றுக் கட்சிக்காரரான ரணில் விக்ரமசிங்கவைத்தான் பிரதமராக்கினார். ஆனால் அதை வாக்குப்பதிவுக்கு முன்பே மக்களிடம் சொல்லியிருந்தார்.