இடக்கரை நாடாவும் ஒரு தலைமுறைப் பிள்ளைகளும்

பெரிய காஞ்சிபுரத்தில் 1950களுக்கும் 1980களுக்கும் இடையே வளர்ந்த நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளின் சிறுவயது தெருவுக்கும் தறிக்கும் நடுவே கழிந்தது. ஏகாம்பரநாதர், கச்சபேசுவரர், காமாட்சியம்மன் கோயில்களைச் சுற்றிய வீதிகளும் பிள்ளையார்பாளையமும் அவர்களுடைய உலகம். திண்ணை, பம்பரம், கோலி, விடிகாலைத் தறிச்சத்தம் என்று அந்தக் காலம் இன்று ஏக்கத்தோடு பேசப்படுகிறது. பேச்சில் வருவதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்தத் தறிச்சத்தத்தில் பாதி பிள்ளைகளின் கைவேலை என்பது பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது.

காஞ்சிபுரம் நெடுங்காலம் பருத்தி நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். பட்டு மேலோங்கியது பிற்காலத்தில். கர்நாடகத்துப் பட்டு நூலும் சூரத்து ஜரிகையும் வந்து சேர, செங்குந்தர், சாலியர், தேவாங்கர் வீடுகளின் கூடத்தில் குழித்தறிகள் இடம்பிடித்தன. படுப்பதும் உண்பதும் தறியை ஒட்டிய மிச்ச இடத்தில். விளையாட வீட்டுக்குள் இடம் இல்லாததால்தான் பிள்ளைகள் தெருவில் இருந்தார்கள்.

அந்தத் தெருவும் காலையில் அவர்களுக்குக் கிடைக்காது. வெயில் ஏறுமுன் பாவை (சேலையின் நீள இழைகளை) தெருவில் நீளவாக்கில் இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, அறுந்த இழைகளை முடிந்து காயவைப்பார்கள். ஒரு பாவில் வழக்கமாக மூன்று சேலை. ஆளுக்கொரு பக்கம் பிடிக்க அக்கம்பக்கத்தார் வருவார்கள். மாடோ சைக்கிளோ நுழையாமல் பார்த்துக்கொள்வது சிறுவர் பொறுப்பு. பாவைச் சுருட்டியபின் அதே இடத்தில் கில்லியும் பச்சைக்குதிரையும் நடக்கும். வைகாசி கருட சேவையன்று சின்னக் காஞ்சிபுரத்து வரதர் இந்த வீதிகளுக்கு எழுந்தருளுவார். நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை அந்தக் கோயில் குளத்திலிருந்து வெளியே வரும் அத்திவரதரை 1979இல் தாத்தாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தவர்களில் பலர் 2019இல் தங்கள் பிள்ளைகளோடு வரிசையில் நின்றார்கள்.

தறியில் பிள்ளைகளுக்கு என்ன வேலை? சிறியவர்கள் ராட்டையில் தார் சுற்றினார்கள். சற்று வளர்ந்தவர்கள் கோர்வைக்கு உட்கார்ந்தார்கள். காஞ்சிப் பட்டின் தனித்தன்மையே இந்தக் கோர்வைதான். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்பதால் குறுக்கு இழையான ஊடை மூன்று நாடாக்களில் ஓட வேண்டும். வலக்கரை நாடாவையும் நடு நாடாவையும் நெய்பவர் பார்த்துக்கொள்வார். இடக்கரை நாடாவுக்கு இன்னொரு ஆள் வேண்டும். நெய்பவரின் இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும் சிறுவன் ஒவ்வொரு ஓட்டத்திலும் கரை இழையை உடல் இழையோடு கொக்கியாகப் பிணைத்து நாடாவைத் திருப்பி அனுப்புவான். இழை தளர்ந்தால் இடைவெளி தெரியும். இறுகினால் கரை சுருங்கும். அவன் கவனம் சிதறினால் சேலை கெட்டது. வேலைப்பாட்டுக்குத் தறியின் மேல் கட்டிய ‘அடை’ நூல்களை முறைப்படி இழுக்கவும் ஆள் வேண்டியிருந்தது. ஜக்கார்டு பெட்டியும் துளையிட்ட அட்டைகளும் அந்த வேலையை எடுத்துக்கொண்டன. கோர்வை மட்டும் கைக்கே மிஞ்சியது.

சொந்தத் தறியில் உட்கார்ந்த பிள்ளைக்கு அது தொழில் பழகுதல். அடுத்த வீட்டுத் தறிக்குப் போன பிள்ளையின் கதை வேறு. பெற்றோர் முன்பணம் வாங்கியிருப்பார்கள். கடன் தீரும்வரை பிள்ளை அங்கேதான். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது சரியாகாது. மழைக்காலம் இரு சாராருக்கும் விடுமுறை. தறிக்குழியில் நீர் ஊறும், பாவு காயாது, நெசவு நிற்கும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டமான அந்த ஐப்பசி, கார்த்திகை நாட்களில் கூலி இல்லாமல் அடுப்பு எரிவது பெரியவர்களின் கவலை.

காமராஜர் காலத்து மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவும் பள்ளிக்கு அனுப்பும் வீட்டுக்கு ஒரு வேளைச் சோற்றை மிச்சப்படுத்தின. ஆனால் இடப்பக்கம் காலியானால் தறி ஓடாது என்ற கணக்கு அதைவிடப் பெரிதாக இருந்தது. 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் குடும்பத்தோடு செய்யும் வேலைக்கு விலக்கு அளித்தது. வீடே பட்டறையான ஊரில் அந்த விலக்கு எவ்வளவு அகலமானது என்று சொல்ல வேண்டியதில்லை. 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் பட்டுத்தொழிலின் கொத்தடிமைப் பிள்ளைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் கர்நாடகம், உத்தரப்பிரதேசத்தோடு காஞ்சிபுரமும் இடம்பெற்றது.

பிள்ளைகள் தறியைவிட்டு எழுந்ததற்குச் சட்டம் மட்டுமே காரணமல்ல. பள்ளி முடித்தவர்களுக்குப் பக்கத்திலேயே வேறு வேலை கிடைத்தது. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது; 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தது. மாதச் சம்பளம், வாசலுக்கு வரும் கம்பெனி பஸ், இவற்றோடு தறிக்கூலி போட்டியிட முடியவில்லை. நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டபோதும் தறிக்குத் திரும்பியவர்கள் குறைவு.

காஞ்சிப் பட்டுக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது; ஆனால் தறியில் பிள்ளைகள் இருந்த இடத்தில் ஆள் மாறிவிட்டது. இன்று இடக்கரை நாடாவைத் தள்ளுவது பெரும்பாலும் நெசவாளரின் மனைவி, அல்லது கூலிக்கு வரும் பெரியவர். இரண்டு ஆள் கூலி என்பதால் கோர்வைச் சேலையின் விலை ஏறிவிட்டது. ஒரே நாடாவில் ஒருவரே நெய்து முடிக்கும் சேலைகளுக்குப் பல தறிகள் மாறிவிட்டன.