வெள்ளிக் கம்பியும் அடிமைப் பெண்களும்

மருத்துவ வரலாறு பெரும்பாலும் மருத்துவரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. நோயாளர் அதிலே பெயரற்றோராகவே தோன்றி மறைவர். பிரசவத்தின் விளைவான இடையறாச் சிறுநீர்க் கசிவுக்குச் சத்திரசிகிச்சை உருவான வரலாறு இதற்கு ஒரு புறநடை. அனார்க்கா, பெற்சி, லூசி என்னும் மூன்று பெயர்கள் அங்கு எஞ்சியுள்ளன. மூவரும் ஐக்கிய அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து அடிமைப் பெண்கள். அப்பெயர்களும் அவர்தம் வாக்குமூலமாக நம்மை வந்தடையவில்லை. அவர்களைச் சத்திரசிகிச்சைக்கு உட்படுத்திய ஜேம்ஸ் மரியன் சிம்ஸ், 1884 இல் வெளிவந்த தமது சுயசரிதையில் குறித்தமையாலேயே தெரியவருகின்றன.

சிறுநீரை அடக்கமுடியாமை இடுப்புத்தளத் தசைகளின் தளர்ச்சியாலும் ஏற்படும். இங்கு பேசப்படும் நோய் அதனினும் கொடியது. சிசுவின் தலை இடுப்பெலும்பிற் சிக்கிப் பிரசவம் நாட்கணக்கில் தடைப்படும்போது, இடையே அகப்பட்ட சிறுநீர்ப்பை நசுங்குகிறது. குருதியோட்டமின்றி இழையம் இறந்து, சிறுநீர்ப்பைக்கும் யோனிக்கும் இடையே துவாரம் உண்டாகிறது. பின்னர் இரவு பகலாகச் சிறுநீர் வழிந்தவண்ணமிருக்கும். உடல் முதிருமுன் கருவுறுதலும், ஊட்டக்குறைவால் இடுப்பெலும்பு ஒடுங்குதலும், தக்க வேளையில் மருத்துவ உதவி கிட்டாமையும் இதன் காரணிகள். மூன்றும் சமூக நிலைமைகளே என்பது வெளிப்படை.

தாயின் நிலையே பிள்ளையின் நிலை என 1662 இல் வேர்ஜினியாவிற் சட்டமாயிற்று. 1808 இல் வெளிநாட்டு அடிமை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. பருத்தித் தோட்டங்களோ விரிந்துகொண்டிருந்தன. எனவே அடிமைப் பெண்ணின் கருப்பை எசமானின் மூலதனப் பெருக்கத்துக்கு இன்றியமையாததாயிற்று. இந்நோயுற்றவள் அவ்வகையிற் பயனற்றவள். சிம்ஸ் எசமானரோடு செய்துகொண்ட ஏற்பாட்டை இப்பின்னணியிலேயே நோக்கவேண்டும். பெண்களைத் தமது செலவிற் பராமரிப்பார். உடையும் வரியும் எசமானர் பொறுப்பு. இதனைத் தயாளம் என்போர் உளர். பெண்களே சிகிச்சையை வேண்டினர் என்றும் அவர் எழுதுகிறார், வேண்டியிருக்கவும் கூடும். ஆனால் மறுக்கும் உரிமையற்றவரின் இசைவை எக்கோலால் அளப்பது?

1845 முதல் 1849 வரை, மொன்ட்கொமரி நகரில் சிம்ஸின் வீட்டு வளவிலிருந்த சிறு மருத்துவமனையில் இப்பரிசோதனைகள் நடைபெற்றன. முதலில் லூசி. மயக்கமருந்து இல்லை, வைத்தியர் பலர் சூழ நின்று பார்த்தனர். சிறுநீரை வெளியேற்ற வைக்கப்பட்ட கடற்பஞ்சினால் நஞ்சேறி அவள் இறக்கும் தறுவாய்க்குச் சென்று மீண்டாள். ஈதரின் பயன் 1846 இல் பொஸ்டனில் நிரூபிக்கப்பட்ட பின்னரும் சிம்ஸ் அதனைக் கையாளவில்லை. ஈதர் புதிது, ஐயத்துக்குரியது என்பது நியாயமான மறுப்பே. எனினும் கறுப்பினத்தவர் வேதனையை எளிதிற் பொறுப்பர் என்ற கருத்து அக்கால மருத்துவரிடையே பரவியிருந்ததை மறத்தலாகாது.

சுயசரிதையிற் போகிறபோக்கிற் சொல்லப்படும் ஒரு செய்தியே நமக்கு முக்கியமானது. தோல்விகள் தொடரவே சக வைத்தியர்கள் விலகிக்கொண்டனர். அதன்பின் நோயாளரே ஒருவர்க்கொருவர் சத்திரசிகிச்சை உதவியாளராயினர். ஆராய்ச்சியாளர் டீர்ட்ரே கூப்பர் ஓவன்ஸ் 2017 இல் வெளியிட்ட நூலில் இதனை வற்புறுத்தியுள்ளார். இத்துவாரத்தை மூடுவது குறித்து அன்றைய அமெரிக்க மருத்துவர் பெரும்பாலோரைவிட அப்பெண்கள் அதிகம் அறிந்திருப்பர். அவர்கள் பரிசோதனைப் பொருள் மட்டுமல்லர். அறிவை உற்பத்தி செய்த உழைப்பாளரும் ஆவர். 1849 இல் பட்டு நூலை விடுத்து வெள்ளிக் கம்பியாற் தைத்தபோது அனார்க்காவின் துவாரம் மூடியது. அது அவளுக்கு முப்பதாவது சத்திரசிகிச்சை.

1852 இல் சிம்ஸ் கட்டுரை வெளியிட்டார். 1855 இல் நியூயோர்க்கிற் பெண்கள் மருத்துவமனை தோன்றியது. 1894 இல் அவருக்குச் சிலை எழுந்தது. அச்சிலை 2018 இல் அகற்றப்பட்டது. 2021 இல் மொன்ட்கொமரியில் அம்மூன்று பெண்களுக்கும் சிலைகள் நிறுவப்பட்டன.

செல்வ நாடுகளில் அரிதாகிவிட்ட இந்நோய், ஆபிரிக்காவிலும் தென்னாசியாவிலும் வறிய பெண்களை இன்றும் வருத்துகிறது. இதற்கெனவே 1974 இல் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது. அதனை நிறுவிய ஹம்லின் தம்பதியரிடம் நோயாளியாக வந்த மமிட்டு காஷே பள்ளி செல்லாதவர். முதலில் உதவியாளராகிப் பின்னர் தாமே இத்துவாரங்களை மூடும் சத்திரசிகிச்சையாளரானார்.