பங்கும் மறைமாவட்டமும்: மைசூர் வட்டாரத்தில் கத்தோலிக்க அமைப்பும் மொழியும்

முன்னுரை

கத்தோலிக்கத் திருச்சபையின் ஆட்சியமைப்பு நிலத்தை அடிப்படையாகக் கொண்டது. ஆயரின் பொறுப்பில் அமைவது மறைமாவட்டம். அது பல பங்குகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு பங்கிற்கும் ஒரு பங்குத்தந்தை உண்டு. அண்மையிலுள்ள பங்குகள் சில சேர்ந்து மறைவட்டம் எனப்படும். மைசூரு மாநகரின் விஜயநகரில் குடியிருக்கும் கத்தோலிக்கர் ஒருவர் எப்பங்கைச் சார்ந்தவர் என்பதை அவர் விரும்பிச் செல்லும் கோயில் முடிவு செய்வதில்லை. அவருடைய உறைவிடமே முடிவு செய்கிறது. நிலத்திற்கு எல்லை வகுக்கலாம். மொழிக்கு அவ்வாறு வகுத்தல் எளிதன்று. பல மொழியினர் கலந்து வாழும் மைசூர் வட்டாரத்தில் இவ்விரண்டும் எவ்வாறு முரண்பட்டன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. எல்லைகளின் வரலாறு

மதுரையில் இராபர்ட் தெ நொபிலி 1606இல் பணியைத் தொடங்கினார். அதன் பின்னர் 1649 அளவில் சீரங்கப்பட்டணத்தை நடுவாகக் கொண்டு லியோனார்தோ சின்னமி என்னும் இயேசு சபைத் துறவி மைசூர் மறைப்பணியை நிறுவினார். இப்பணிப் பரப்பில் கன்னட ஊர்களுடன் சத்தியமங்கலம் போன்ற தமிழ் ஊர்களும் அடங்கியிருந்தன. அதாவது, இவ்வமைப்பு தொடக்கத்திலேயே இருமொழி அமைப்பாக இருந்தது.

1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டது. அதனையடுத்துப் புதுச்சேரியை மையமாகக் கொண்ட பாரிசு மறைப்பணிக் கழகத்தார் பொறுப்பேற்றனர். 1850இல் மைசூர், புதுச்சேரியிலிருந்து பிரிந்து தனி மறைப்பணி ஆட்சிப் பகுதியாயிற்று. 1886இல் பதின்மூன்றாம் லியோ இந்தியாவில் ஆயராட்சி முறையை நிறுவியபோது மைசூர் மறைமாவட்டம் உருவாயிற்று. மறைமாவட்டத்தின் பெயர் மைசூராயினும் ஆயரின் இருக்கை பெங்களூரில் இருந்தது. 1940இல் பெங்களூர் தனி மறைமாவட்டமாகப் பிரிந்த பின்னரே மைசூர் நகரம் ஆயரின் இருக்கையாயிற்று. 1933இல் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அடிக்கல் நாட்டிய புனித பிலோமினா ஆலயம் இன்று அதன் பேராலயமாக விளங்குகிறது.

1940இல் வரையறுக்கப்பட்ட மைசூர் மறைமாவட்டம் மொழியாய்வாளரின் கவனத்திற்குரியது. சமஸ்தானத்தின் பகுதிகளோடு, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நீலகிரியும், கோயம்புத்தூர் மாவட்டத்தின் கொள்ளேகால், சத்தியமங்கலம் பகுதிகளும் இதில் அடங்கின. 1955இல் உதகமண்டலம் தனி மறைமாவட்டமானபோது நீலகிரியும் சத்தியமங்கலமும் அதனுடன் சென்றன. கொள்ளேகால் மைசூருடன் தங்கியது. அடுத்த ஆண்டு மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது கொள்ளேகால் வட்டம் மைசூர் மாநிலத்தில் சேர்ந்தது. இங்குத் திருச்சபை எல்லை அரசியல் எல்லைக்கு முந்தியது என்பது குறிப்பிடத்தக்கது. மார்டள்ளி போன்ற ஊர்களின் தமிழ்க் கத்தோலிக்கர் இடம்பெயராமலேயே, இரு எல்லைகளாலும் மைசூரைச் சார்ந்தவராயினர்.

2. அமைப்புச் சொற்கள்

அமைப்பின் வரலாறு அதனைக் குறிக்கும் சொற்களிலும் பதிந்துள்ளது. முன்னாளில் தமிழ்க் கத்தோலிக்கர் ஆயரை மேற்றிராணியார் என்றும், அவருடைய ஆட்சிப் பகுதியை மேற்றிராசனம் என்றும் வழங்கினர். மேற்றிராணியார் என்பது சிரிய மொழி வழியே மலையாளத்திற்கு வந்த மெத்ரான் என்னும் சொல்லோடு ஒப்பிடத்தக்கது. 'மேல்' என்னும் தமிழ்ச் சொல்லின் சாயலை ஏற்று அயற்சொல் தமிழுருவம் பெற்றதாக இதனைக் கொள்ளலாம். பின்னர் இச்சொற்களின் இடத்தை ஆயர், மறைமாவட்டம் என்பன பெற்றன.

மறைமாவட்டம் என்னும் ஆக்கம் தனித்து நோக்கத்தக்கது. ஐரோப்பிய மொழிகளில் மறைமாவட்டத்தைக் குறிக்கும் சொல்லின் மூலமான 'தியோய்கேசிஸ்' என்னும் கிரேக்கச் சொல், உரோமைப் பேரரசில் மாநிலங்கள் பல சேர்ந்த அரசியல் பிரிவையே குறித்தது. திருச்சபை அதனைத் தன் ஆட்சிக்கு எடுத்துக்கொண்டது. தமிழிலும் இதுவே நிகழ்ந்தது. ஜில்லா என்பதற்கு மாற்றாக அரசு வழக்கில் நிலைபெற்ற மாவட்டம் என்னும் சொல் மறை என்னும் அடையைப் பெற்றுத் திருச்சபைச் சொல்லாயிற்று. காலத்தாலும் இடத்தாலும் தொடர்பற்ற இரு சூழல்களில் ஒரே பொருண்மை மாற்றம் நிகழ்ந்துள்ளது.

கன்னடத்தின் போக்கு வேறு. அங்கு மறைமாவட்டம் தர்மக்ஷேத்ர, பங்கு தர்மகேந்த்ர, ஆயர் தர்மாத்யக்ஷ என 'தர்ம' என்னும் ஒரே அடை முறையாகப் பயில்கிறது. மலையாளம் ரூபத, இடவக என்னும் சொற்களைக் கொண்டுள்ளது. தமிழிலேயே சபைக்குச் சபை வேறுபாடு உண்டு. கத்தோலிக்கரிடம் பேராயர் என்பது உயர்மறைமாவட்டத்தின் தலைவரைக் குறிக்கும். தென்னிந்தியத் திருச்சபையில் அதே சொல் ஒரு திருமண்டலத்தின் தலைவரைக் குறிக்கும். கத்தோலிக்கர் பங்கு என்பதை அவர்கள் சேகரம் என்பர்.

3. பள்ளி

பங்கின் மற்றொரு தூண் பள்ளி. உரிமை நோக்கில் கத்தோலிக்கப் பள்ளிகள் இருவகைப்படும். மறைமாவட்டமோ பங்கோ நடத்துவன ஒரு வகை; துறவற சபைகள் நடத்துவன மற்றொரு வகை. 1946இல் தொடங்கப்பட்ட மைசூர் புனித பிலோமினா கல்லூரி முதல் வகையைச் சாரும். பெங்களூர் புனித வளனார் கல்லூரி 1882இல் பாரிசு மறைப்பணிக் கழகத்தாரால் தொடங்கப்பட்டு 1937இல் இயேசு சபையினரிடம் ஒப்படைக்கப்பட்டது. துறவற சபையின் பள்ளியாயினும் அதனைப் பார்வையிடும் உரிமை ஆயருக்கு உண்டு எனத் திருச்சபைச் சட்டம் கூறுகிறது.

தமிழ்நாட்டில் ஆர்.சி. பள்ளி என வழங்கும் பங்குப் பள்ளிகளில் பங்குத்தந்தையே பெரும்பாலும் தாளாளர். தாளாண்மை என்னும் குறட்சொல்லோடு உறவுடைய இச்சொல் இன்று ஒரு நிர்வாகப் பதவியின் பெயர். இந்திய அரசமைப்பின் 30ஆம் உறுப்பு, சமயச் சிறுபான்மையினர்க்கும் மொழிச் சிறுபான்மையினர்க்கும் கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையை வழங்குகிறது. கர்நாடகத்தில் வாழும் தமிழ்க் கத்தோலிக்கர் இவ்விரு வகையிலும் சிறுபான்மையினர். ஆயினும் அவர்களுடைய பள்ளிகள் சமய அடிப்படையில் அமைந்தனவேயன்றி மொழி அடிப்படையில் அமைந்தன அல்ல. தமிழில் செபிக்கும் குழந்தை கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ பயில்வது இதன் விளைவு.

4. வழிபாட்டு மொழி

இலத்தீன் வழிபாட்டு மொழியாக இருந்தவரை, பங்கின் மொழிச் சிக்கல் மறையுரை, மறைக்கல்வி, பாடல் ஆகியவற்றோடு நின்றது. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் மக்கள் மொழிகளில் வழிபாடு நிகழ வழிவகுத்தது. அதன்பின் எந்த மக்களின் மொழி என்னும் வினா எழுந்தது. ஒரு மொழியினரே வாழும் பங்குகளில் இவ்வினா எழவில்லை. பெங்களூரில் தமிழர், கன்னடர், கொங்கணியர் ஆகியோரிடையே இது பல்லாண்டு நீடித்த பூசலாயிற்று. மாநிலத்தின் மொழி முன்னிற்க வேண்டும் என்றது ஒரு கருத்து. வழிபடுவோரின் மொழி மதிக்கப்பட வேண்டும் என்றது மற்றொன்று. இரண்டும் உரிமை பற்றியனவே.

திருச்சபைச் சட்டமும் இக்காலத்தில் மாறியது. 1917ஆம் ஆண்டுத் தொகுப்பின்படி, மொழி அடிப்படையில் புதுப் பங்கு அமைக்க உரோமையின் சிறப்பு இசைவு தேவைப்பட்டது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பின் 518ஆம் விதி, பங்கு பொதுவாக நிலத்தைச் சார்ந்ததே எனக் கூறிய பின், தேவையான இடங்களில் வழிபாட்டு முறை, மொழி, இனம் ஆகியவற்றின் அடிப்படையிலும் பங்குகளை அமைக்கலாம் என்கிறது. எனினும் தனிப் பங்கு அமைப்பதைவிட, ஒரே கோயிலில் வெவ்வேறு நேரங்களில் வெவ்வேறு மொழிகளில் திருப்பலி நிகழ்த்துவதே நகரங்களில் பெருவழக்கு. நிலத்தால் ஒன்றான பங்கு, காலத்தால் பகுக்கப்படுகிறது.

முடிவுரை

மைசூர் வட்டாரத்தில் திருச்சபை எல்லைகள் பலமுறை மாற்றி வரையப்பட்டன. ஆனால் எவ்வெல்லையும் ஒரு மொழிக்குள் அடங்கவில்லை. ஐரோப்பிய மொழிகளில் பங்கைக் குறிக்கும் சொல்லின் கிரேக்க மூலமான 'பரோய்கியா' அயலாராய்த் தங்கியிருத்தல் என்னும் பொருளுடையது. தமிழ் அதே அமைப்பிற்குப் பங்கு என்று பெயரிட்டது. பங்கு என்பது உரியவர் பெறுவது. அயலார் என்னும் நிலைக்கும் உரியவர் என்னும் நிலைக்கும் இடையே மைசூர்த் தமிழ்க் கத்தோலிக்கரின் மொழி வரலாறு அமைந்துள்ளது. பங்குகளின் திருமுழுக்கு, திருமண ஏடுகள் எந்தெந்தக் காலத்தில் எந்தெந்த மொழியில் எழுதப்பட்டன என்பதை முறையாகத் தொகுத்தாய்வது இவ்வரலாற்றை மேலும் தெளிவாக்கும்.