கால்விரலில் பற்றிய கல்

கல்லைக் கட்டிக் கடலில் தள்ளுதல் என்றாலே நம் செவிக்கு அது ஒரு கொடுந்தண்டனையாகப் படுகிறது. அப்பரைக் கல்லோடு பிணித்துக் கடலில் விட்ட கதையும், கழுத்தில் எந்திரக்கல் கட்டி ஆழ்த்தப்படுதலைப் பற்றிய நற்செய்தி வாக்கும் நாம் அறிந்தவையே. ஆயினும் மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் தலைமுறை தலைமுறையாக மக்கள் தாமாகவே கல்லோடு கடலில் இறங்கினர். சிப்பியோடு மேலே வந்தனர். ஒரே நாளில் நாற்பது, ஐம்பது முறை கூட மீண்டும் இறங்கினர். முத்துக்குளித்தலைப் பற்றி எழுதுவோர் முத்தின் ஒளியையும் மன்னர்களின் வருவாயையும் விரித்துரைப்பர். அந்தக் கல்லைப் பற்றிச் சொல்வோர் சிலரே.

கல் எதற்கு? மூச்சை நிறைய இழுத்துக்கொண்ட உடல் நீரில் எளிதில் அமிழாது. முத்துச் சிப்பி கிடக்கும் பார்களோ ஐந்து முதல் பத்துப் பாகம் வரை ஆழமுள்ளவை. கையால் நீரைத் தள்ளியே அத்துணை ஆழம் போவதென்றால், அடைத்து வைத்த மூச்சில் பெரும்பங்கு வழியிலேயே தீர்ந்துவிடும். சிப்பி பொறுக்க ஏது நேரம்? கல் அந்த மூச்சைக் காத்துக் கொடுத்தது.

1803-ஆம் ஆண்டில் இலங்கையைப் பற்றி நூல் வெளியிட்ட ராபர்ட் பெர்சிவல் என்னும் ஆங்கிலப் படையதிகாரி, இந்தக் கற்களைக் கூர்ந்து நோக்கி எழுதியிருக்கிறார். செந்நிறக் கருங்கல்லில் செய்த கூம்பு வடிவம். மேலும் கீழும் உருண்டை. குறுகிய முனையில் கயிறு நுழையும் துளை. குளியாளி அக்கயிற்றை வலக்கால் விரல்களாலும், வலைப்பையை இடக்கால் விரல்களாலும் பற்றிக்கொள்வார். வலக்கையில் மற்றொரு கயிறு. இடக்கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நீரில் பாய்வார். தரையைத் தொட்டதும் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சிப்பிகளை விரைந்து பொறுக்குவார். மூச்சு முட்டும் வேளையில் வலக்கைக் கயிற்றை ஒரு வெட்டு வெட்டினால் போதும், படகில் இருப்பவர்கள் அவரை மேலே இழுத்துக்கொள்வார்கள். கல் கீழேயே கிடக்கும். அதைப் பின்னர் அதற்குரிய கயிற்றால் தனியே இழுப்பார்கள். நீருக்குள் இரண்டு நிமிடம் இருந்தனர் என்கிறார் பெர்சிவல். அது சற்று மிகை என்றே எனக்குத் தோன்றுகிறது. கரையில் நின்று பார்ப்பவனுக்கு அந்த நேரம் நீளமாகத்தான் தெரியும்.

இதே நூலில் இன்னொரு முறையும் சொல்லப்படுகிறது. குளியாளிகளுள் சிலர் பிறை வடிவக் கல்லொன்றை வயிற்றில் கட்டிக்கொண்டனராம். காரணத்தையும் அவரே தருகிறார்: கால்கள் கட்டின்றி இருக்கும். சிப்பிப் பாரில் நடந்தும் தவழ்ந்தும் பொறுக்குபவனுக்கு இது பெரிய வசதிதான். ஆனால் விரலை விரித்தால் பிரிந்துவிடும் கல் அன்று அது. ஏறும்போதும் உடன் வரும். வேண்டாமென்றால் நீருக்கடியில் முடிச்சை அவிழ்க்கவேண்டும். ஒரே படகில், ஒரே தொழிலில், இரண்டு வகையாகச் சுமையை ஏற்றவர்கள் இருந்தனர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

மற்றொரு செய்தி. படகுக்குக் குளியாளிகள் பத்துப்பேர், கற்களோ ஐந்து. ஐவர் மூழ்கும்போது மற்ற ஐவர் இளைப்பாறுவர். ஆக, கல் எவனுடைய தனிச்சொத்தும் அன்று. 1530களில் திருமுழுக்குப் பெற்ற நம் பரதவர்களின் வழிவந்தோரும், கீழக்கரை முதலிய ஊர்களின் முஸ்லிம்களும் இத்தொழிலில் நிரம்ப இருந்தனர். சலாபம் நடந்த நாள்களில் அவர்கள் உயிர் தொங்கியது மேலே கயிறு பிடித்திருந்தவரின் கவனத்தில்தான்.

கிரேக்கத் தீவுகளில் கடற்பஞ்சு எடுப்போரும் கல்லையே நம்பினர். அவர்களுடையது தட்டையான கல்; அதைக் கைகளில் பிடித்து முன்னால் நீட்டி, திசை திருப்பிக்கொண்டே இறங்குவர். 1913-இல் ஸ்டாதிஸ் ஹட்சிஸ் என்பவர் கார்ப்பதோஸ் தீவருகே இத்தாலியப் போர்க்கப்பல் ஒன்றின் இழந்துபோன நங்கூரத்தைத் தேடி ஏறத்தாழ 80 மீட்டர் ஆழம் வரை இப்படிச் சென்று மீண்டார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அகஸ்டஸ் சீபே இலண்டனில் செய்தளித்த செம்புத் தலைக்கவச உடுப்பு இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கிற்று. காற்று அடைத்த உடுப்பு மிதக்கும். ஆகவே மார்பிலும் முதுகிலும் ஈயக்கட்டிகள், காலில் ஈய அடி வைத்த பாதணிகள். பின்னாளில் அமெரிக்கக் கடற்படை வழங்கிய இவ்வகை உடுப்பின் மொத்த எடை ஏறத்தாழ 190 பவுண்டு. அதை மாட்டியவர் நீருக்குள் தம் விருப்பப்படி சுமையைக் கழற்ற இயலாது. மூச்சுக்காற்றும் மேலிருந்து வரும், மீட்சியும் மேலிருந்தே வரவேண்டும்.

1943-இல் பிரான்சில் குஸ்தோவும் கான்யானும் காற்று உருளையோடு இணைந்த சுவாசக் கருவியை உருவாக்கியபோது மூழ்குபவன் கயிற்றினின்றும் விடுபட்டான். நாம் இன்று ஸ்கூபா என்பது இதுவே. ஆனால் சுமை அவனை விடவில்லை. 1950களில் பரவிய ரப்பர் நுரை உடுப்பு குளிரைத் தடுத்தாலும் மிதக்கும் தன்மையுடையது. அதை எதிர்க்க ஈயம் வேண்டியதாயிற்று. ஈயத்தைத் துளையிட்டு இடுப்பு வாரில் கோத்து, ஒரே இழுப்பில் திறக்கும் கொக்கியால் பூட்டினர். படகிலிருந்த தோழனின் கையில் இருந்த வேலை இப்போது மூழ்குபவனின் கைக்கு வந்து சேர்ந்தது.

பின்னர் மிதவை அங்கியின் பைகளிலேயே ஈயத்தை வைக்கும் முறையும் வந்தது. எதைத் தேர்வது என்பதில் மூழ்குவோரிடையே வாதம் ஓய்ந்தபாடில்லை. இடுப்பு வார் எலும்பை அழுத்தும். ஆழத்தில் உடுப்பு நசுங்கும்போது தளர்ந்து நழுவும். பை இதமானது. ஆனால் நீருக்குள் ஏதோ சிக்கலில் அங்கியைக் கழற்ற நேர்ந்தால், ஈயமும் அங்கியும் ஒருபுறம் கீழே இழுக்க, உடுப்பணிந்த மனிதன் மறுபுறம் மேலே போவான். அதனால் சிலர் பாதியை வாரிலும் பாதியைப் பையிலும் பகிர்ந்து வைக்கின்றனர். எனக்கு அது நல்ல ஏற்பாடாகவே படுகிறது.

பகிர்வுக்கு இன்னொரு காரணமும் உண்டு. மன்னார்க் குளியாளி மேலே இழுத்த மூச்சோடுதான் இறங்கினார். கல்லை விட்டுவிட்டு எவ்வளவு விரைவாக ஏறினாலும் அவர் நெஞ்சில் இருந்தது அதே மூச்சு. ஸ்கூபா அணிந்தவனோ ஆழத்தில் அழுத்தம் மிகுந்த காற்றைச் சுவாசிக்கிறான். 10 மீட்டர் ஆழத்தில் இழுத்த ஒரு பங்கு காற்று மேற்பரப்பில் இரண்டு பங்காக விரியும். ஆழத்தில் சுமை முழுவதையும் ஒருசேர உதறிவிட்டு மூச்சைப் பிடித்தபடி மேலே பாய்ந்தால் நுரையீரல் கிழியக்கூடும். எனவே விடவேண்டிய நேரத்தில் விடவேண்டும். விடக்கூடாத நேரத்தில் விடக்கூடாது. இந்தத் தீர்ப்பை நடுக்கத்தின் நடுவே, நொடிப்பொழுதில், தனியனாகச் செய்யவேண்டியிருக்கிறது. ஸ்கூபா விபத்துகளை அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஆராய்ந்தோர் கண்ட துயரம் இதுதான்: மாண்டோருள் பெரும்பாலோரின் உடலில் ஈயம் அவிழ்க்கப்படாமலேயே இருந்தது. சிலர் மேற்பரப்பை எட்டிய பிறகும் அதைக் கழற்றாமல் மீண்டும் அமிழ்ந்தனர். கொக்கி இருந்தது, கையும் அருகில்தான் இருந்தது.

தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் ஆண்டுதோறும் நடந்த முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோயிற்று. அதன்பின் பார்களைப் பார்வையிட இறங்கியோர், காற்று உருளையைச் சுமந்த கடல் மீன்வள ஆய்வாளர்கள். கல்லைக் கால்விரலில் பற்றி இறங்கியவர்களின் பேரர் சிலர் இன்றும் தூத்துக்குடியில் உண்டு. அவர்கள் வீட்டு முற்றத்தில் துளையிட்ட பழைய செங்கல் நிறக் கல்லொன்றைக் கண்டால், அது எதற்கென்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.